ஓரெழுத்து

கர்னல் ஹெர்மோஹெனெஸ் அருவா ஓய்வு பெறுகிறார்.
முப்பதாண்டுப் பணியை ஒரே தாளில் அடக்கச் சொல்லி
அசுன்சியோன் போர் அமைச்சகத்தின் பின்கட்டு அறைக்குக்
கோப்பு வந்திருக்கிறது.
தட்டச்சு ரமோனா ஓவெலார்.
மூன்று தாள், இடையே இரண்டு கரித்தாள்.

போர்களை வென்றவர்களுக்குத் தெருக்கள் உண்டு,
வெண்கலக் குதிரைகள் உண்டு.
இவர் பெயரில் இருப்பது
காலிப் பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும்
ஒரு கிளைத் தண்டவாளம்.
அதிலும் புல்.

பதினெட்டு வயதில் எடைக் குமாஸ்தா.
கோடரியை முறிக்கும் கெப்ராச்சோ மரத்தை
நிறுத்து, எழுதி,
மரக் கம்பெனியின் குட்டி ரயிலில் ஏற்றியவர்.
சாக்கோவில் யுத்தம் மூண்டபோது
ராணுவத்துக்கு ஒரு ரயில்பாதை கிடைத்தது.
எது எத்தனை கிலோ என்று தெரிந்த ஒருவரும் கிடைத்தார்.
சீருடை அப்புறம்தான் வந்தது.
தோளில் இரண்டு விரல் தொளதொளப்பு.

நூற்று நாற்பத்தைந்தாம் கிலோமீட்டரில் தண்டவாளம் தீரும்.
அதற்கப்பால் முள், புழுதி, லாரி.
லாரிக்கு ஏழு பீப்பாய் தண்ணீர்.
ஓட்டுநர் குடிப்பார்.
மணலில் பலகை போடும் பையன் குடிப்பான்.
எல்லோருக்கும் முந்தி ரேடியேட்டர் குடிக்கும்.
போகும்போது ஒரு தாகம்,
திரும்பும்போது ஒரு தாகம்.
மிஞ்சியதுதான் படை.

குவாரனி மொழியில் தண்ணீர்
ஓரெழுத்து ஒருமொழி.
இகரமும் இல்லை, உகரமும் இல்லை.
நம் குற்றியலுகரம்போல்
உதடு குவியாமல், பாதியில் நின்றுவிடும் ஒலி.
நாக்கு வீங்கியவனாலும்
சொல்லிவிட முடிகிற சொல்.

ரமோனா தட்டுகிறாள்:
ஜனவரி. பதினோரு லாரிகள். எழுபத்தேழு பீப்பாய்.
வழங்கியது எழுபத்தொன்று.
ஆவியாதல்: ஆறு.
லாரி இழப்பு: இல்லை.
மேஜராகப் பதவி உயர்வு.

மறுவரி அடிப்பதற்குள் அவரே வந்து நிற்கிறார்.
தொப்பியைக் கோப்புகளின்மேல் வைக்கிறார்.
“ஆவியாதல் என்பது தப்பு, செண்யோரிட்டா.
மூடி இறுகிய பீப்பாயில் ஆவி எங்கே போகும்?”

பிறகு, எடை சொல்லும் அதே குரலில்:
கிணறு வற்றிய முகாம். கடைசி லாரி.
வரிசையில் இன்னும் முப்பத்தெட்டுப் பேர்.
இருந்தது ஆறு பீப்பாய்.
பதினோரு எஞ்சின்களும் கொதித்துக்கொண்டிருந்தன.
லாரி திரும்பாவிட்டால் நாளைக்குத் தண்ணீர் இல்லை.
நாளைக்கு ஆயிரத்தைந்நூறு பேர்.
“ஊற்றச் சொன்னேன்.
ஓட்டுநர்கள் கை நடுங்கிற்று. வாளியை நானே வாங்கினேன்.
யாரோ அந்தச் சொல்லைச் சொன்னான்.
ஒருமுறைதான்.
கூட்டல் சரியாகத்தான் இருந்தது.
இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறேன், சரியாகத்தான் வருகிறது.”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்கிறாள் ரமோனா.
பழுது உண்டு, களவு உண்டு,
எதிரியால் சேதம் உண்டு.
அவர் சன்னலைப் பார்க்கிறார்.
வெளியே ஒரு சிப்பாய் ரோஜாச் செடிக்கு
ரப்பர் குழாயால் நீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறான்,
வேலை முடிந்தும், சும்மா.

அவள் உருளையைப் பின்னுக்குத் திருப்பி
‘ஆவியாதல்’ மீது வரிசையாக எக்ஸ் அடித்தாள்.
மேலே நெருக்கி: ‘என் உத்தரவு’.
அவர் படித்தார். தலையசைத்தார்.
நாலரை டிராம் போய்விட்டதா என்று கேட்டார்.
போய்விட்டது.
தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தே போனார்.

அடுத்த தாளைச் செருகும்போதுதான் கவனித்தாள்.
திருத்தும்போது கரித்தாள்களை
உருவி மேசையில் வைத்திருந்தாள், கை கறுக்குமே என்று.
அடியிலிருந்த இரண்டு படிகளிலும்
ஆறு பீப்பாயும் இன்னும் ஆவியாகவே இருந்தன.
அதற்குள் பியூன் வந்து மூன்றையும் வாரிக்கொண்டு போயிருந்தான்.
ஒன்று தளபதிக்கு, ஒன்று கருவூலத்துக்கு,
ஒன்று ஆவணக் கிடங்குக்கு.
எது எங்கே போனதோ.